பித்தப்பையை எடுத்தாகிவிட்டது, லைம் இன்னும் விடவில்லை: எந்த வலி எதனால்?

வைட்ஃபீல்டு வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம் இருக்கிறேன், வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. என் கதை கொஞ்சம் சிக்கலானது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சியில் சில வருடங்கள் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த இடம், மான்கள் வந்து போகும். அங்கேதான் உண்ணி கடித்திருக்க வேண்டும், ஆனால் கடித்ததை நான் பார்க்கவே இல்லை, தோலில் வட்டமாக வரும் சிவப்புத் தடிப்பும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்ட பிறகுதான், உண்ணிக் கடியால் பரவும் லைம் என்ற பாக்டீரியா நோய் என்று கண்டுபிடித்தார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், வாய் சரியானது, ஆனால் முழங்கால் வீங்கிக்கொண்டே இருந்ததால் செஃப்ட்ரையாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் ஊசி வழியாக ஏற்றினார்கள். வீக்கமும் வடிந்தது. அசதி, இடம் மாறி மாறி வரும் மூட்டு வலி, தூக்கம் இல்லாமை, பேசிக்கொண்டிருக்கும்போதே வாயருகே வந்த வார்த்தை நழுவிப் போவது, இவை மட்டும் போகவே இல்லை. ஊர் திரும்பி வருடங்கள் ஆகியும் அப்படியேதான் இருக்கிறது. இதோடு வாழப் பழகி, எவ்வளவு வேலை செய்தால் மறுநாள் படுக்க வேண்டியிருக்காது என்று எனக்கே ஒரு அளவு தெரிந்திருந்தது.

அப்புறம் சாப்பிட்டவுடன் வலது விலாவுக்குக் கீழே வலி, முதுகு வரை இழுக்கும், வாந்தி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள், ஒரு மாதம் ஆகப் போகிறது. தையல் போட்ட இடமெல்லாம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் என் பழைய அளவு முழுக்கக் குலைந்துவிட்டது. குளித்துவிட்டு வந்தால் உட்கார வேண்டியிருக்கிறது. முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது, வீக்கம் மட்டும் இல்லை. காலை சாப்பிட்டு முடித்தவுடனே பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அறுவை செய்த டாக்டரிடம் கேட்டால், ‘உங்கள் ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் உங்கள் பழைய வியாதி’ என்கிறார். லைமைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் போனால், ‘இதெல்லாம் ஆபரேஷன் அசதி, போகப் போகச் சரியாகும்’ என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

வெளிநாட்டு நோயாளிகள் குழு ஒன்றில் எழுதினேன். ஆபரேஷனால் உடம்பு பலவீனமாகி லைம் திரும்ப எழும்பிவிட்டது, மறுபடி ஆன்டிபயாடிக் ஆரம்பி, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து கல்லீரலைச் சுத்தம் செய் என்று பலர் சொன்னார்கள். என் மாமியார் உடம்பு தேறட்டும் என்று பாசத்தோடு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறார், அது குடித்த அன்று ராத்திரி நடுவில் வயிறு முறுக்கி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இன்னொன்று, இந்தக் கல்லே அந்த செஃப்ட்ரையாக்சோனால் வந்ததா? ஆபீசில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ரசம்சாதம்:

அக்கா, எனக்கு லைம் இல்லை, ஆனால் பித்தப்பை போய்விட்டது, ஜயநகரில்தான் இருக்கிறேன். அதனால் சாப்பாடு, பாத்ரூம் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பித்தப்பை இருந்தவரை பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் சுருங்கி மொத்தமாக விடும். இப்போது சேர்த்து வைக்க இடம் இல்லை, கல்லீரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரே வேளையில் நிறைய எண்ணெய் போனால் அதைச் சமாளிக்கப் போதுமான பித்தம் அந்த நேரத்தில் இருக்காது. அதே சமயம் மிஞ்சுகிற பித்தநீர் பெருங்குடலுக்குப் போய் அதை உறுத்தி, தண்ணீராகப் போக வைக்கும். நீங்கள் சொல்கிற காலை ஓட்டம் அதுவாகவே இருக்கலாம், பலருக்கு ஆரம்பத்தில் வருகிறது, பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது, சிலருக்கு நீடிக்கும். நீடித்தால் வயிற்று டாக்டரிடம் பித்த அமில வயிற்றுப்போக்கா என்று பெயர் சொல்லியே கேளுங்கள், அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது. பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

காலையில் வெறும் வயிற்றில் ஃபில்டர் காபியை நிறுத்தினேன், அதுவே எனக்குப் பாதி நிம்மதி. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், பீர்க்கங்காய்க் கூட்டு, இவை ஒன்றும் செய்யவில்லை. தேங்காய்ச் சட்னிதான் நாம் யாரும் கொழுப்பு என்று நினைப்பதில்லை, இட்லிக்கு அதை ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டால் எண்ணெய் குறைத்ததெல்லாம் வீண். தாளிக்கிற எண்ணெயையும் டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் கொழுப்பு. பாலில் டோன்ட் என்றால் 3 சதவீதம், டபுள் டோன்ட் என்றால் 1.5 சதவீதம். தர்ஷினி மாதிரி நின்று சாப்பிடும் ஓட்டல்களில் வடையும் பெண்ணெ (வெண்ணெய்) தோசையும் கண்ணில் படும், அவற்றுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மூன்று வேளையாகச் சாப்பிடுவதை ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் பாரம் குறைவு. ஓட்ஸ், வாழைப்பழம், கொஞ்சம் இசப்கோல், இவை மலத்தைக் கெட்டிப்படுத்த உதவின, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள், எது ஒத்துக்கொண்டது என்றே தெரியாமல் போய்விடும்.

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கிற வேலை உங்களுடையதாக இருந்தால் அதை உடனே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வெளியே தையல் ஆறியிருந்தாலும் தொப்புள் பக்கம் உள்ளே ஆற இன்னும் நாள் எடுக்கும், அங்கே குடலிறக்கம் வந்துவிட்டால் மறுபடி ஆபரேஷன். டாக்டர் சரி என்று சொல்லும்வரை காஸ் சிலிண்டரும் வேண்டாம்.

பார்மசிக்காரன்:

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. நீங்கள் கேட்ட செஃப்ட்ரையாக்சோன் கேள்வி நல்ல கேள்வி.

அந்த மருந்தின் ஒரு கணிசமான பகுதி பித்தநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. பித்தப்பைக்குள் அது கால்சியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து, ஸ்கேனில் கல் மாதிரியே தெரியும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1993 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதைப் பற்றித்தான். 1990 முதல் 1992 வரை நீங்கள் இருந்த அதே நியூ ஜெர்சியில், லைம் பரவியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் செஃப்ட்ரையாக்சோன் ஏற்றப்பட்டவர்களுக்குப் பித்தப்பைத் தொல்லை வந்து, சிலருக்குப் பித்தப்பையையே எடுக்க வேண்டி வந்தது. அதனால் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் படிவு மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தானாகவே கரைந்து போகும். உங்களுக்கு மருந்து முடிந்து வருடங்கள் கழித்து வந்த கல்லை அதன் மேல் போடுவது கடினம். நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு அது இல்லாமலேயே கல் வருவது மிகவும் சகஜம். எதற்கும் இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘செஃப்ட்ரையாக்சோன் நான்கு வாரம் எடுத்திருக்கிறேன்’ என்பதை எழுதியே கொடுங்கள், நம் ஊரில் அது மிகச் சாதாரணமாகப் போடுகிற ஊசி.

மறுபடி ஆன்டிபயாடிக் என்பதைப் பற்றி. உங்களைப் போல முறையாக மருந்து எடுத்த பிறகும் அசதியும் வலியும் நீடிப்பது கற்பனை இல்லை, சிகிச்சை முடிந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அப்படி நீடிக்கிறது என்று சிடிசியே சொல்கிறது. ஆனால் அந்த அசதியை இன்னும் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குறைக்க முடியுமா என்று பார்த்த ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் எல்லோருக்கும் முதலில் இரண்டு வாரம் செஃப்ட்ரையாக்சோன் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு சாராருக்குப் பன்னிரண்டு வாரம் ஆன்டிபயாடிக், இன்னொரு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. முடிவில் வித்தியாசம் இல்லை. 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும், தொற்று இன்னும் இருக்கிறது என்பதற்கு வெளிப்படையான அடையாளம் இல்லாமல் மறுபடி கொடுக்காதே என்கிறது. முழங்கால் நிஜமாகவே வீங்கி நீர் கோத்தால் அது வேறு விஷயம், அப்போது டாக்டர் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இப்போதுதான் குடல் நிலைகொள்ளாமல் இருக்கிறது, அதன் மேல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் போட்டால் வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும், கிருமித் தொற்றால் வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கும் வழி திறக்கும்.

ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதைக் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் கல் இல்லை, அந்த எண்ணெயே குடலில் சோப்பு போலக் கட்டியாகி வருவது. உங்களுக்குப் பித்தப்பையே இல்லாதபோது அவ்வளவு எண்ணெயையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் வயிறு பிய்த்துக்கொண்டு போகும்.

நீங்கள் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் மாதிரி ஏதாவது ராத்திரி எடுக்கிறீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிக்கு டிரமடால் எழுதியிருந்தால் இரண்டும் சேர்வதைப் பற்றி டாக்டரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு பாரசிட்டமால் உள்ளே போகிறது என்றும் கணக்குப் பாருங்கள், வலி மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் அதுவே இருக்கும்.

மேபிள்தெரு:

நான் விஸ்கான்சினில் இருந்தபோது லைம் வந்தவன், இப்போது பெங்களூரில் கம்மனஹள்ளியில். எனக்கும் பித்தப்பையை எடுத்தார்கள், அதனால் உங்கள் நிலை நன்றாகவே புரிகிறது. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான், அதைப் பலமாகவே சொல்கிறேன்: ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக வருகிற எதையும், வயிற்றைப் பார்த்து முடிக்கும்வரை லைம் கணக்கில் எழுதாதீர்கள்.

லைமுக்கு மருந்து ஆரம்பித்த முதல் நாளில் காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஒரு நாளுக்குள் அடங்குவது உண்டு, ஹெர்க்ஸ்ஹைமர் என்பார்கள். அது உண்மையான விஷயம். ஆனால் அந்தக் குழுக்களில் எப்போது எது நடந்தாலும் அதே பெயரை வைத்து, கிருமி சாகிறது, நல்ல அறிகுறி, பொறுத்துக்கொள் என்று சொல்கிறார்கள். வருடக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கிறது, அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வயிற்றில் அறுவை நடந்த ஒருவர் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் என்ன ஆகும்? பித்தநீர் உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம், குழாயில் கல் தங்கியிருக்கலாம்.

எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போக ஆரம்பித்தது, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் உன் பழைய அசதிதான், ஓய்வெடு என்றார்கள். நான் அன்றைக்கே போய் எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தேன், அதில் பித்தநீர் அடைபட்டால் ஏறுகிற பிலிருபினும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தன. பித்தக்குழாயில் ஒரு சிறு கல் தங்கிவிட்டிருந்தது. ஈஆர்சிபி என்று வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாயின் வாயைக் கொஞ்சம் கீறி அதை எடுத்தார்கள். உங்களுக்கு இது எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலி, நிற்காத வாந்தி என்று ஏதாவது வந்தால் யாரிடமும் கருத்துக் கேட்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். இப்போதே ஒருமுறை எல்எஃப்டியும் ரத்த எண்ணிக்கையும் எடுத்து வையுங்கள். கூடவே தைராய்டு, பி12, வைட்டமின் டி, இரும்புச் சத்து. உங்கள் அசதிக்குச் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் ஒளிந்திருந்தால் அதை லைம் என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் அந்த ஆட்டுக்கால் சூப். அதில் கொழுப்பு அதிகம் என்பது ஒரு பக்கம். நியூ ஜெர்சியில் லோன் ஸ்டார் என்ற உண்ணியும் உண்டு. அது கடித்தவர்களில் சிலருக்கு ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமை வருகிறது: ஆடு, மாடு, பன்றி இறைச்சி சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதனால் ராத்திரி சாப்பிட்டவர் நள்ளிரவில் எழுவார். சிலருக்குத் தடிப்பே இல்லாமல் வயிறு மட்டும் முறுக்கும், போகும். கோழியும் மீனும் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு அதுதான் தோன்றியது. பித்தப்பை இல்லாததால் மட்டுமே கூட இருக்கலாம், ஆனால் ரத்தத்தில் ஐஜிஈ என்ற ஒவ்வாமைச் சோதனை செய்து பார்க்கக்கூடிய விஷயம், ஒவ்வாமை டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை சூப்பை நிறுத்துங்கள். தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆபீஸ் பற்றி. லேப்ராஸ்கோப்பி ஆனவர்கள் ஒன்று இரண்டு வாரத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்பது நல்ல உடம்போடு உள்ளே போனவர்களின் கணக்கு. நாம் ஏற்கெனவே குறைந்த இருப்போடு போனவர்கள். வீட்டிலிருந்து அரை நாள் என்று எழுதி வாங்குங்கள், டாக்டர் கடிதத்தில் பழைய நோயின் பெயரும் இருக்கட்டும். ஒரு நாள் தெம்பாக இருந்தால் அன்றைக்கே தேங்கிய வேலையை எல்லாம் முடிக்கப் பார்க்காதீர்கள், அடுத்த நாட்களில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். தினமும் கொஞ்சம் நடை, அசதி வருவதற்கு முன்பே திரும்பிவிடுவது, அதை வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டுவது, எனக்கு அப்படித்தான் பழைய அளவு திரும்பியது, மெதுவாகத்தான் வந்தது.

பத்ராவதி தமிழன்:

எங்கள் ஊர் பத்ராவதி, இப்போது பெங்களூர். ஒரு சின்னத் தகவல். கர்நாடகத்தில் உண்ணி என்றதும் டாக்டர்களுக்கு நினைவுக்கு வருவது குரங்குக் காய்ச்சல், க்யாசனூர் காட்டு நோய், 1957இல் எங்கள் ஷிவமொக்கா மாவட்டத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அது வைரஸ், லைம் பாக்டீரியா, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நாகரஹொளே, பந்திப்பூர் வன ஊழியர்களிடம் லைம் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் ஆய்வு செய்து, சிலரிடம் இருந்ததாக வெளியிட்டிருக்கிறார்கள், இருந்தாலும் பெங்களூரில் பெரும்பாலான டாக்டர்கள் ஒரு லைம் நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் அமெரிக்க ரிப்போர்ட்டுகள், எந்த மருந்து எத்தனை வாரம் என்பதெல்லாம் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பொது மருத்துவர் ஒருவரைப் பிடித்து அவரையே இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. இரண்டு ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்கு நடுவில் அலைவது எவ்வளவு கஷ்டம் என்று என் அம்மாவை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வைட்ஃபீல்டு வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், கற்பனை இல்லை என்று ஒருவர் எழுதியதற்கே.

ஆட்டிறைச்சி விஷயம் என்னை உலுக்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் ஊருக்கு வந்த புதிதில் கல்யாண வீட்டு மட்டன் பிரியாணிக்குப் பிறகும் இப்படி ராத்திரியில்தான் வந்தது, கோழிக்கு வந்ததே இல்லை. மாமியாரிடம் சொன்னேன், அவரே பதறிப் போய் இனி கோழி சூப்தான் என்று சொல்லிவிட்டார். எல்எஃப்டி இன்று கொடுத்தேன், பிலிருபின் சரியாக இருக்கிறது, பி12 குறைவாக வந்திருக்கிறது. பார்மசி அண்ணா, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன், டிரமடால் ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. வயிற்று டாக்டர் கொலஸ்டிரமின் பொடி எழுதியிருக்கிறார். வைட்டமின் மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்கலாமா? ஆல்ஃபா-கால் இருந்தால் காப்ஸ்யூலும் ஆகாது என்று எங்கோ படித்தேன், அது நிஜமா?

பார்மசிக்காரன்:

சேர்த்துக் குடிக்கக் கூடாது அம்மா. அந்தப் பொடி குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்வதுபோல மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், அல்லது பொடி குடித்து 4 முதல் 6 மணி நேரம் கழித்து. அமிட்ரிப்டிலினுக்கும் இதே இடைவெளி. பொடியை உலர்ந்தபடி வாயில் போடாமல் நிறையத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். முதலில் மலச்சிக்கல் வரலாம், அமிட்ரிப்டிலினும் சிக்கல் உண்டாக்கும், அதனால் டாக்டர் சொன்ன குறைந்த அளவிலேயே தொடங்குங்கள். நீண்ட நாள் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வது குறையும், அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காப்ஸ்யூல் விஷயம் நிஜம்தான். ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, பன்றியிலிருந்து வருவது, ஆல்ஃபா-கால் உள்ள எல்லோருக்கும் அது தொந்தரவு செய்வதில்லை, சிலருக்குச் செய்யும். உங்கள் வைட்டமின் மாத்திரைகளில் வைட்டமின் டி 60,000 யூனிட் காப்ஸ்யூலும் உண்டு, அது மென்மையான வகை என்றால் சோதனை முடிவு வரும்வரை மாத்திரை அல்லது திரவமாக மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் ஊசியும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. சோதனையில் ஆம் என்று வந்தால் உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அதை எழுதிவிடுங்கள்.